நலம் கேளுங்கள்: நடக்கும்போது இரண்டு கையும் வீசுகிறதா?

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 56 வயதில் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்தது. இப்போது சித்தப்பாவுக்கும் வந்துவிட்டது. இருவரும் ஒரே தோட்டத்தில் மருந்து அடித்தவர்கள். எனக்கு 44 வயது. எனக்கும் வருமா? வருவதாக இருந்தால் முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இருவருக்கு வந்ததை மட்டும் வைத்து, இது பரம்பரை என்று முடிவுகட்ட வேண்டாம். களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. ஒரே மருந்தை அடித்த அண்ணன் தம்பிக்கு ஒரே நோய் வந்தால் அது பரம்பரை போலத்தான் தெரியும். ஆனாலும் நெருங்கிய உறவில் இருவர் என்பதால் நீங்கள் கவனிப்பது சரியே.

நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்கு அதற்கு முன்பே ஒரு கையின் வீச்சு குறைந்துவிடும். 2011இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள், பார்க்கின்சனோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தும் நோய் வராதவர்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இயல்பு நடையைவிட, வேகமாகவோ மனக்கணக்கு போட்டபடியோ நடக்கும்போதுதான் மாற்றங்கள் தெளிவாகத் தெரிந்தன. நடையை நாம் யோசித்துச் செய்வதில்லை. இந்நோயில், அசைவுகளுக்கு உதவும் டோப்பமின் என்ற மூளை வேதிப்பொருள் குறையும்போது, மூளையின் யோசிக்கும் பகுதி கைகொடுத்து அந்தக் குறையை மறைக்கிறது. அதற்கு வேறு வேலை கொடுத்தால் மறைந்திருந்தது வெளியே வரும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கோயில் வளாகம் போலச் சமதளமான இடத்தில் 10 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். கைப்பேசியைப் பக்கவாட்டில், 7 அல்லது 8 மீட்டர் தள்ளி, இடுப்புயரத்தில் வையுங்கள். போகும்போது ஒரு கையும் திரும்பும்போது மறு கையும் கேமராப் பக்கம் வரும். அரைக்கைச் சட்டை போடுங்கள், கையில் எதுவும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் அதே காலணி. முதல் இரண்டு சுற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். படம் பிடிப்பது தெரிந்தால் யாரும் அணிவகுப்பு போலத்தான் கை வீசுவார்கள். பிறகு 100, 97, 94 என்று மூன்று மூன்றாகக் கழித்து உரக்கச் சொல்லிக்கொண்டே நடங்கள். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கை தொடையைத் தாண்டிப் பின்னால் போகிறதா, அல்லது முழங்கை மடங்கி வயிற்றோரம் ஒட்டிக்கொள்கிறதா?

அடுத்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் முடிந்த அளவு அகலமாக விரித்து, வேகமாக 10 முறை தட்டுங்கள், ஒவ்வொரு கையாக. தட்டத் தட்ட விரிப்பு சுருங்கிக்கொண்டே போவதுதான் முக்கியம். வெறும் வேகக்குறைவு அவ்வளவு பெரிதல்ல.

ஏமாற்றுவது தோள்பட்டைதான். வருடக்கணக்கில் ரப்பர் மரம் சீவியவருக்கும் பால் வாளி சுமந்தவருக்கும் தோள் இறுகி வீச்சு குறையும். எதிர்மாறாகவும் நடக்கும்: பார்க்கின்சனின் தொடக்கத்தைத் தோள் இறுக்கம் என்று எண்ணி மாதக்கணக்கில் தைலம் தேய்ப்பார்கள். கையைத் தலைக்கு மேல் வலியில்லாமல் தூக்க முடிந்தும் நடக்கும்போது வீசவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் கூடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். இரண்டு முறையும் ஒரே பக்கம் குறைந்தால், அல்லது மோப்பம் குறைவதும் தூக்கத்தில் கனவுக்கேற்பக் கத்தி உதைப்பதும் சேர்ந்தால், வீடியோவோடு அரசு கிளினிக்குக்குப் போய் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: மரபணுச் சோதனை செய்துகொள்ளட்டுமா?
– அதே வாசகர்

பதில்: முதலில் அப்பாவுக்குச் செய்வதுதான் முறை. அவரிடம் மாற்றம் எதுவும் கிடைக்காவிட்டால், உங்கள் சோதனையால் பெரிதாக எதுவும் தெரியாது. எல்ஆர்ஆர்கே2 மாற்றம் உள்ளவர்களிலேயே பலர் 80 வயதிலும் நோயின்றி இருக்கிறார்கள். நோயைத் தடுக்கும் மருந்தும் இன்னும் வரவில்லை. மரபணு ஆலோசகரிடம் பேசாமல் இரத்தம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அம்மா தேநீர்க் குவளையைத் தூக்கும்போது இரண்டு கையும் நடுங்குகிறது. பார்க்கின்சனா?
– வாசகி, பாகாவ்

பதில்: பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கம் தொடங்கும், கை மடியில் சும்மா இருக்கும்போது வரும். நீங்கள் சொல்வது வேறு வகை நடுக்கம் போல இருக்கிறது. ஒன்று பாருங்கள்: அம்மா தலைசுற்றலுக்கோ வாந்திக்கோ நீண்ட நாளாக மாத்திரை எடுக்கிறாரா? சின்னரிசின், புரோகுளோர்பெரசின், மெட்டோகுளோப்ரமைடு ஆகியவை கை நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் கொண்டுவரலாம். அட்டையோடு மாத்திரைகளை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.