செலக்‌ஷன் கிரைட்டீரியாவுக்கு எப்படி எழுதுவது? ஆஸ்திரேலிய அரசு வேலை: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவில் அரசுத் துறை, கவுன்சில், அரசுப் பள்ளி, பல்கலைக்கழகம் என்று எதற்கு விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் ரெஸ்யூமே மட்டும் போதாது. விளம்பரத்தில் நாலைந்து செலக்‌ஷன் கிரைட்டீரியா (தேர்வுக்கான அளவுகோல்கள்) இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எப்படிப் பொருந்துகிறீர்கள் என்று எழுதித் தர வேண்டும். நான் மெல்பேர்னில் மாநில அரசுத் துறை ஒன்றில் வேலை செய்கிறேன். ஆள் எடுக்கும் பேனல்களில் உட்கார்ந்து இந்தப் பதில்களைப் படித்துவருகிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும். மாதிரியை மட்டும் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கேள்வி (டாண்டினாங், கணக்குப் பிரிவு): அக்கா, எல்லாம் ரெஸ்யூமேயில் இருக்கிறதே, அதையே திரும்ப எதற்கு எழுத வேண்டும்? யாராவது படிக்கிறார்களா?

படிக்கிறோம். வழக்கமாக மூன்று பேர் பேனல். தனித்தனியாகப் படித்து ஒவ்வொரு கிரைட்டீரியாவுக்கும் மதிப்பெண் போட்டு, அப்புறம் சேர்ந்து பேசுவோம். யாரை ஏன் கூப்பிட்டோம், யாரை ஏன் விட்டோம் என்று எழுத்தில் அறிக்கை வைக்க வேண்டும். அதனால் நீங்கள் எழுதாத எதற்கும் மதிப்பெண் போட வழியில்லை. “பத்து வருடம் அக்கவுண்ட்ஸில் இருந்தவருக்கு எக்செல் தெரியாமலா இருக்கும்” என்று நாங்களாக ஊகிக்கக் கூடாது. எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது ரெஸ்யூமேயில் தெரிந்துவிடும். அங்கே என்ன செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்பதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

கேள்வி (டார்னெய்ட்): கோவையில் வங்கிக் கிளையில் எட்டு வருடம் இருந்தேன். இங்கே கவுன்சில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு “நெருக்கடியில் பொதுமக்களுக்குச் சேவை செய்த அனுபவம்” கேட்கிறார்கள். பணமதிப்பிழப்பு சமயத்தில் கவுன்டர் பொறுப்பில் இருந்தேன். முதியவர்களுக்குத் தனி வரிசை போட்டது, ஃபாரத்தை வெளியிலேயே சரிபார்க்க ஆள் நிறுத்தியது எல்லாம் நான்தான். இந்திய அனுபவத்தை எழுதினால் எடுபடுமா?

தாராளமாக எழுதுங்கள். இதைவிட நல்ல உதாரணம் பலருக்குக் கிடைக்காது. ஆனால் பேனலில் இருப்பவர்களுக்கு உங்கள் வங்கியும் தெரியாது, அந்த நவம்பரும் தெரியாது. முதல் இரண்டு வரியில் அவர்களை அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள்:

“எட்டு வருட வங்கி அனுபவத்தில் நெருக்கடியான சூழ்நிலைகளைப் பொறுமையோடும் அர்ப்பணிப்போடும் கையாண்டிருக்கிறேன். வாடிக்கையாளர் திருப்தியே என் முதல் நோக்கம்.”

இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வங்கியையே பார்க்காதவரும் எழுதலாம். நீங்கள் சொன்னதை வைத்து நான் எழுதினால் இப்படி:

“2016 நவம்பர் 8 இரவு இந்திய அரசு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. மதிப்பில் பார்த்தால் புழக்கத்தில் இருந்த நோட்டுகளில் சுமார் 86 சதவீதம் அவைதான். நான் கவுன்டர் பொறுப்பில் இருந்த கிளையில் நோட்டு மாற்ற வந்தவர்களின் வரிசை தெருவரைக்கும் நின்றது. அதிகம் சிரமப்பட்டவர்கள் முதியவர்கள் என்பதைக் கவனித்து, மேலாளரிடம் பேசி அவர்களுக்கு ஒரு கவுன்டரைத் தனியாக ஒதுக்கினேன். ஃபாரமும் அடையாளச் சான்றும் சரியில்லாமல் கவுன்டர்வரை வந்து திரும்பியவர்கள்தான் சண்டை போட்டார்கள் என்பதால், அவற்றை வரிசையிலேயே சரிபார்க்க ஒரு ஊழியரை வெளியே நிறுத்தினேன்.”

இதற்குப் பிறகு விளைவு வர வேண்டும். திரும்பிப் போனவர்கள் குறைந்தார்களா, தகராறு நின்றதா, பக்கத்துக் கிளையும் அதையே செய்ததா? அது உங்களுக்குத்தான் தெரியும். எண் நினைவிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்; அடித்துவிட்டால் இன்டர்வியூவில் குடைவார்கள்.

இதைத்தான் இங்கே ஸ்டார் முறை என்கிறார்கள்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. நான்கையும் சம அளவில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது தேவையில்லை. என் கணக்கில் பாதிக்கு மேல் செயலுக்கே போக வேண்டும். சூழலை விவரித்து விவரித்தே ஒரு பக்கத்தை முடித்துவிடுபவர்கள்தான் நிறைய. மேலே இருப்பதில் இன்னொன்றையும் பாருங்கள்: ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இருக்கிறது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதில்தான் உங்கள் புத்தி தெரியும்; மதிப்பெண் அதற்குத்தான்.

கேள்வி (யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர், இப்போது பள்ளி உதவியாளர் வேலைக்கு): அக்கா, ஒவ்வொரு வரியிலும் “நான் செய்தேன், நான் செய்தேன்” என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. “நாங்கள் செய்தோம்” என்று எழுதினால் என்ன பிழை?

பிழை ஒன்றும் இல்லை, ஆனால் மதிப்பெண் வராது. ஐந்து ஆசிரியர்கள் சேர்ந்து செய்ததில் உங்கள் பங்கு எது என்று எங்களுக்குத் தெரியாது. கூட இருந்து பார்த்தவராகவும் இருக்கலாமே. நம் ஆட்கள் இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேசாதே என்று வளர்ந்தவர்கள் நாம், சட்டென்று வராது. ஒரு வழி சொல்கிறேன். பெருமைப்படும் சொற்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். “சிறந்த”, “அபாரமான” எதுவும் வேண்டாம். செய்ததை மட்டும் எழுதுங்கள்: “வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனிக் குழுவாகப் பிரித்தேன், வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் முடிந்தபின் இருத்திப் படிப்பித்தேன், மாதம் ஒருமுறை பெற்றாரிடம் பேசினேன்.” இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? நடந்ததைச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் செய்ததை ஒரு வரியில் அவர்கள் பெயரிலேயே சொல்லிவிடுங்கள். குழுவோடு வேலை செய்யத் தெரிந்தவர் என்பதும் அதில் தெரிந்துவிடும்.

கேள்வி (சிட்னி, வென்ட்வர்த்வில்): நியூ சவுத் வேல்ஸ் விளம்பரங்களில் கிரைட்டீரியாவே காணோமே?

அங்கே கேப்பபிலிட்டி ஃப்ரேம்வொர்க் என்ற முறை. பணி விவரத்தில் எந்தெந்தத் திறன், எந்த மட்டத்தில் என்று அட்டவணை இருக்கும். விண்ணப்பத்தில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். வடிவம்தான் வேறு, எழுதும் முறை இதேதான். அட்டவணையில் முக்கியமானவை என்று குறித்திருக்கும் திறன்களைக் குறிவைத்து எழுதுங்கள்.

கேள்வி (பிரிஸ்பேன்): பிஆர்தான் (நிரந்தர வதிவிட உரிமை) இருக்கிறது, சிட்டிசன்ஷிப் இன்னும் வரவில்லை. விண்ணப்பிக்கலாமா?

மத்திய அரசு வேலைக்கு 1999 பொதுச் சேவைச் சட்டப்படி குடியுரிமை வேண்டும். துறைத் தலைவர் விலக்குத் தரலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு, அதை நம்பி உட்கார வேண்டாம். மாநில அரசு, கவுன்சில், பல்கலைக்கழகம் என்றால் பிஆர் வைத்தே நிறையப் பேர் சேர்கிறார்கள். விளம்பரத்தின் தகுதிப் பகுதியைப் பாருங்கள்.

கேள்வி (கிளேட்டன்): விளம்பரத்தில் ஒரு அதிகாரியின் பெயரும் போன் நம்பரும் இருக்கிறது. பேசினால் சிபாரிசு பிடிப்பதுபோல ஆகிவிடாதா?

ஆகாது. பேசச் சொல்லித்தான் நம்பரையே கொடுத்திருக்கிறார்கள். “எனக்குக் கிடைக்குமா” என்று மட்டும் கேட்காதீர்கள். சேர்ந்தவர் முதல் மூன்று மாதம் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும், டீமில் இப்போது பெரிய தலைவலி எது என்று கேளுங்கள். “புது சிஸ்டத்துக்கு மாறப்போகிறோம், பழைய டேட்டா ஒரே குழப்பம்” என்று அவர் சொன்னால், எந்த உதாரணத்தை எழுதுவது என்று அதிலேயே தெரிந்துவிடும். பத்து நிமிடப் பேச்சு. தமிழர்கள் பேசவே மாட்டேன் என்கிறார்கள், ஏன் என்றுதான் புரியவில்லை.

கேள்வி (கிளென் வேவர்லி): பிள்ளைகளுக்காக ஆறு வருடம் வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தேன், ஆண்டு விழாவும் நடத்தினேன். இதையெல்லாம் எழுத முடியுமா?

ஏன் முடியாது? சம்பளம் வாங்கிச் செய்ததா என்று கிரைட்டீரியா கேட்பதில்லை. ஹால் வாடகைக்குப் பேசியது, இன்ஷூரன்ஸ், பெற்றோர்களில் யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்தது, கடைசி நேரத்தில் மைக் செட்காரர் வராமல் போனபோது என்ன செய்தீர்கள் என்பது எல்லாமே திட்டமிடல், ஒருங்கிணைப்பு என்ற கிரைட்டீரியாவுக்கு நேரடிச் சான்று. விக்டோரியாவில் குழந்தைகளோடு தன்னார்வ வேலை செய்கிறவர்களுக்கும் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் (குழந்தைகளோடு வேலை செய்ய ஏற்றவரா என்று பார்க்கும் அரசுச் சோதனை) தேவைப்படும்; உங்களிடம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஒன்று மட்டும்: எல்லாக் கிரைட்டீரியாவுக்கும் தமிழ்ப் பள்ளியையே போடாதீர்கள். வேலையை விடுவதற்கு முன் செய்ததிலிருந்து ஒன்றாவது வரட்டும்.

கேள்வி (கான்பெரா, ஐடி): மத்திய அரசுப் பணியில் ஏபிஎஸ் 6 நிலையில் இருக்கிறேன். அதற்கு அடுத்த மேல்நிலையான ஈஎல் 1-க்கு ஒரு பக்கப் பிட்ச் (நான் ஏன் பொருத்தம் என்று சுருக்கமாகச் சொல்வது) கேட்கிறார்கள். பழைய விண்ணப்பத்தில் இருக்கும் உதாரணங்களையே சுருக்கிப் போட்டால் போதுமா?

சம்பவம் அதுவாகவே இருக்கட்டும், சொல்லும் கோணம் மாற வேண்டும். ஏபிஎஸ் 6-இல் சிக்கலான வேலையை முடித்தது, கூட இருப்பவர்களுக்கு வழிகாட்டியது போதும். ஈஎல் 1 என்றால் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுத்தீர்களா, ரிஸ்க்கை யார் கையில் எடுத்தார்கள், உடன்படாத இன்னொரு துறையை எப்படி இணங்க வைத்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். சர்வரை எப்படி மாற்றினீர்கள் என்று தொழில்நுட்பத்தில் இறங்கினால் அந்த ஒரு பக்கம் போய்விடும். ஒவ்வொரு நிலையிலும் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது பொதுச் சேவை ஆணையத்தின் வொர்க் லெவல் ஸ்டாண்டர்ட்ஸில் இருக்கிறது. இரண்டு நிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிட்ச்சில் கிரைட்டீரியாவைத் தலைப்பாகப் போட வேண்டாம். இரண்டு மூன்று சம்பவத்துக்குள் எல்லாம் அடங்கிவிட வேண்டும்.

கேள்வி (ஜீலாங்): சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களா?

கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. விளம்பரத்தில் இருந்த வாக்கியங்களே பாலிஷ் போட்டுத் திரும்பி வரும், சம்பவம் இருக்காது, மதிப்பெண் தானாகக் குறையும். உங்கள் சம்பவத்தை நீங்களே எழுதிவிட்டு, இலக்கணம் பார்க்கவும் வார்த்தை எண்ணிக்கையைக் குறைக்கவும் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சில விளம்பரங்களில் இதற்கென்றே நிபந்தனை போடுகிறார்கள், அதை முதலில் படியுங்கள்.

கேள்வி (கான்பெரா): “தகுதியானவர், ஆனால் இடமில்லை, மெரிட் பூலில் வைத்திருக்கிறோம்” என்று மெயில் வந்தது. வேலை இல்லை என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார்களா?

இல்லை, நல்ல செய்திதான். மத்திய அரசில் விளம்பரம் வந்த நாளிலிருந்து 18 மாதம்வரை அதே மாதிரி வேலை காலியானால் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். வேறு துறையும் எடுக்கலாம். சும்மா இருக்காமல் ஃபீட்பேக் கேளுங்கள். “இன்னும் பலப்படுத்த வேண்டியது எந்தக் கிரைட்டீரியா?” என்று குறிப்பாகக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

கேள்வி (பெர்த்): கடைசி நாள் இரவு அனுப்பலாம் என்று இருக்கிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கான்பெரா நேரம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உங்களுக்கு அது இரண்டு மணி நேரம் முன்னால். கோடையில் மூன்று மணி நேரம். பதில்களை வேர்டில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் போர்ட்டலில் ஒட்டுங்கள், பாதியில் லாகவுட் ஆகிவிடும். பணி விவரத்தையும் டவுன்லோட் செய்துவிடுங்கள். தேதி முடிந்ததும் விளம்பரம் காணாமல் போய்விடும், இன்டர்வியூவுக்கு வாரக்கணக்கில் கழித்துக் கூப்பிடுவார்கள்.