சின்ன நாட்டுக்கு எதற்கு விமானக் கம்பெனி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க அமெரிக்கா போகும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறினேன். நாலு மணி நேரம் காத்திருப்பு. எங்கு பார்த்தாலும் வாலில் கிரீடம் வரைந்த நீல விமானங்கள். கே.எல்.எம்.தான் உலகத்திலேயே பழைய விமான நிறுவனம் என்று மகள் சொன்னாள். நெதர்லாந்து தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே 1919-லேயே எதற்கு விமானக் கம்பெனி? எல்லாம் அரசரின் தயவா?

செந்தில்நாதன், ஈரோடு

அன்புள்ள செந்தில்நாதன்,

மகள் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். அதற்கு முன்பும் கம்பெனிகள் இருந்தன. மூடினார்கள், அல்லது இன்னொன்றோடு சேர்த்துவிட்டார்கள். தொடங்கிய பெயரிலேயே இன்றும் பறப்பவற்றில் கே.எல்.எம். மூத்தது.

அப்போது ஆண்டது அரசர் அல்ல, அரசி வில்ஹெல்மினா. 1919 செப்டம்பரில் ‘அரச’ என்ற பட்டத்தைத் தந்தார். கம்பெனி பிறந்ததோ அக்டோபர் 7 அன்று. பிள்ளை பிறக்கும் முன்பே பட்டம் சூட்டியாயிற்று! ஆனால் பட்டம் சோறு போடாதே. அவர்களிடம் சொந்தமாக ஒரு விமானம்கூட இல்லை. 1920 மே 17 அன்று லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போன முதல் விமானம் பிரிட்டனில் வாடகைக்கு எடுத்தது, ஓட்டியவரும் பிரிட்டன்காரர். பயணிகள் இரண்டு பத்திரிகையாளர்கள். கூடவே ஒரு கட்டு செய்தித்தாள்.

இதை இழுத்துக் கொண்டுபோனவர் ஆல்பர்ட் பிளெஸ்மன். முப்பது வயது ராணுவ லெப்டினன்ட். 1919-இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் முன்னின்று நடத்திய விமானக் கண்காட்சிக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்த பணக்காரர்களுக்கு நம்பிக்கை வந்தது. 1953 கடைசி நாளில் சாகும்வரை கம்பெனி அவர் கையில்தான் இருந்தது. சரியான பிடிவாதக்காரர்.

ஆனால் ஒரு மனிதரின் பிடிவாதம் என்று கதையை முடித்துவிட எனக்கு மனமில்லை. நெதர்லாந்து சின்ன நாடு என்கிறீர்கள். அன்றைக்கு அது ஜாவா, சுமத்ரா என்று இன்றைய இந்தோனேசியாவை ஆண்டுகொண்டிருந்தது. தன்னைப் போல நாற்பது மடங்குக்கு மேல் பெரிய நிலம்! அங்கே போக, கப்பலில் கிட்டத்தட்ட ஒரு மாதம். ஒரு கடிதம் எழுதிப் பதில் வாங்க இரண்டு மாதம். தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் அந்த இரண்டு மாதத்தைச் சுருக்க எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1924 அக்டோபர் 1 அன்று ஒற்றை எஞ்சின் ஃபோக்கர் விமானத்தில் மூன்று பேர் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கிளம்பினார்கள். மூன்றாம் நாள் பல்கேரியாவில் ப்ளோவ்திவ் அருகே அவசரமாக இறங்க வேண்டியதாயிற்று. எஞ்சின் போயிற்று. ஒரு டச்சு வாரப் பத்திரிகை பண உதவி செய்ய, புது எஞ்சின் அனுப்பி வைத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு நவம்பர் 24 அன்று போய்ச் சேர்ந்தார்கள். மொத்தம் 55 நாள். கப்பலில் போயிருந்தால் முன்னாடியே போய் இறங்கியிருக்கலாம்.

ஆனாலும் வழி தெரிந்துவிட்டது. 1930-இல் முறையான சேவை தொடங்கியது. கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் எல்லாம் வழியில் இறங்கும் ஊர்கள். 1933 டிசம்பரில் ‘பெலிகான்’ என்ற விமானம் கிறிஸ்துமஸ் தபாலோடு நாலே நாளில் போய்விட்டது. இரண்டாம் உலகப்போர் வரை உலகின் மிக நீண்ட வழக்கமான விமானச் சேவைகளில் இதுவும் ஒன்று. சிறிய தேசத்தின் துணிச்சல் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். துணிச்சல் உண்மை. அதற்குக் காசு கொடுத்தது காலனி என்பதும் உண்மை.

அந்த வழிக்கு நம் நாடே ஒருமுறை குறுக்கே நின்றது, தெரியுமா? 1948 டிசம்பரில் சுதந்திரம் கேட்ட இந்தோனேசியா மீது டச்சுப் படை பாய்ந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் டச்சு விமானங்களுக்கு வழியை மூடின. கே.எல்.எம். மொரீஷியஸ் வழியாக இந்தியப் பெருங்கடலைச் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டுக் கடைசியில் காலனி கைவிட்டுப் போனது. புதிய நாட்டின் விமானக் கம்பெனியில் ஆரம்பத்தில் கே.எல்.எம்.மும் பங்குதாரர். அதன் பெயர் கருடா. நம் கருடனேதான்.

அப்புறம் என்ன செய்வது? சொந்த நாட்டுக்காரர்களை மட்டும் நம்பினால் விமானம் நிரம்பாது. நியூயார்க் சேவை 1946 மே மாதமே தொடங்கியிருந்தது. இனி அடுத்த நாட்டுக்காரர்களை ஏற்றுவதுதான் பிழைப்பு. ஜெர்மானியர், நார்வேக்காரர், பிரிட்டனின் சிற்றூர்க்காரர் என்று எல்லாரையும் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையமான ஸ்கிபோலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தூர தேசங்களுக்கு அனுப்பினார்கள். ஸ்கிபோல் என்பது ஏரியை வற்ற வைத்து எடுத்த நிலம், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 2004-இல் ஏர் பிரான்ஸோடு இணைந்த பிறகும் பெயர், கிரீடம், இந்த வியாபாரம் மூன்றும் அப்படியே இருக்கின்றன.

நீங்கள் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, பக்கத்தில் இருந்தவர்களில் ஆம்ஸ்டர்டாமைப் பார்க்க வந்தவர் எத்தனை பேர்? ஈரோட்டுக்காரர் ஒருவர் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி ஏறினாரே, அந்தக் கம்பெனி பிழைப்பது அப்படித்தான்.