கால்நடை மருத்துவமனை வேலைக்கு எந்தப் படிப்பில் சேருவது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். பள்ளிப் படிப்பை முடித்த என் மகள் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்ய விரும்புகிறாள். சில மாதங்களில் சான்றிதழ் தரும் இணையவழி உதவியாளர் பயிற்சி, இரண்டாண்டு டெக்னீஷியன் படிப்பு என இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன், இவை இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்கான படிப்புகள் என்பதைக் கவனியுங்கள். இரத்தம் எடுக்கும்போது நாயை அணைத்துப் பிடித்து, முன்னங்காலின் முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் அழுத்தி இரத்தக்குழாயைப் புடைக்க வைப்பது பெரும்பாலும் உதவியாளரின் வேலை. அதில் ஊசியைச் செலுத்துவதும், அறுவைச் சிகிச்சையின்போது மயக்கத்தில் இருக்கும் விலங்கைக் கண்காணிப்பதும், மருத்துவரின் மேற்பார்வையில் டெக்னீஷியன் செய்பவை.

உதவியாளராகச் சேரப் பெரும்பாலான மாநிலங்களில் சான்றிதழ் கட்டாயமில்லை. பல மருத்துவமனைகள் ஆளை எடுத்துக்கொண்டு தாங்களே பழக்கிவிடுகின்றன. ஆகவே அதற்காகப் பெருந்தொகை செலவழிப்பது தேவையற்றது என்பது என் கருத்து. டெக்னீஷியன் விஷயம் வேறு. பெரும்பாலான மாநிலங்களில் உரிமமோ பதிவோ பெற, அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் (ஏவிஎம்ஏ) அங்கீகரித்த படிப்பை முடித்து, விடிஎன்இ என்னும் தேசியத் தேர்வில் தேர்ச்சி பெறுவதே வழக்கமான வழி. 3 மணி நேரத்தில் 170 கேள்விகள். அவற்றுள் 20 மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள்.

‘அங்கீகாரம் பெற்றது’ என்று விளம்பரத்தில் இருந்தால், அது கல்லூரிக்கு உரியதா, இந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உரியதா என்று கேளுங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து படிப்புக்கு இல்லாவிட்டால், இரண்டாண்டும் பணமும் போன பிறகு தேர்வு எழுதவே வழியில்லாமல் போகக்கூடும். படிப்பின் பெயர் ஏவிஎம்ஏ தளத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

அங்கீகாரம் பெற்ற படிப்புகள், முதல் முறை தேர்வு எழுதியவர்களின் மூன்றாண்டுத் தேர்ச்சி விகிதத்தைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். விகிதத்தோடு எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் பாருங்கள். நாற்பது பேர் சேர்ந்து பத்துப் பேர் மட்டும் தேர்வுவரை வந்து, அவர்களில் ஒன்பது பேர் தேறினாலும் 90 சதவீதம்தான். இடையில் நின்ற முப்பது பேர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இணையவழிப் படிப்பு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்றவை அதிலும் உண்டு. ஆனால் செய்முறைப் பயிற்சிக்கான மருத்துவமனையை மாணவரே தேடிக்கொள்ளும்படி சில படிப்புகள் விட்டுவிடுகின்றன. அப்படியானால், மருத்துவமனையின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் தவணையைக் கட்டுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.