ஐப்பசிக் கல்யாணம், தோப்பு வீடு, ஒரு கேமரா

கேள்வி: ஐப்பசிக் கடைசியில் பாகூர் பக்கம் தோப்பு வீட்டில் அக்கா கல்யாணம். சாயங்காலம் தோட்டத்தில் வரவேற்பு. ஜோடிப் படங்கள் என் பொறுப்பு. மழை பிடித்துக்கொண்டால் எங்கே நிறுத்துவது?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: திண்ணையில். மழை வராவிட்டாலும் முதல் இடம் அதுதான். ஓட்டுச் சரிவு உச்சி வெளிச்சத்தை மறைத்து, முற்றத்துப் பக்கமிருந்து மட்டும் வெளிச்சத்தை உள்ளே விடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழாது. விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நிறுத்துங்கள். அதற்கு வெளியே போனால் சாரல் தெறித்துப் பட்டுப்புடவையில் நீர்த்தடம் பதியும். ஆறடி உள்ளே போனால் முகம் மங்கிவிடும். நீங்கள் மழையில் நிற்க வேண்டாம். திண்ணையின் ஒரு கோடியில் நின்று நீளவாக்கில் எடுங்கள், அவர்கள் முகம் மட்டும் முற்றம் பார்க்கட்டும். தூண்கள் பின்னால் வரிசையாக ஓடும்.

85 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800-இல் தொடங்குங்கள். ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் எஃப் 4 வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் முகம் மசமசக்கும். பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

தோட்டத்துக்கு ஐந்து மணிக்கே அழைத்துவிடுங்கள். அந்த நாட்களில் சூரியன் ஐந்தே முக்கால் வாக்கில் மறையும், தென்னந்தோப்பில் அதற்கு முன்பே இருட்டும். மேக்கப் இன்னும் பத்து நிமிஷம் என்பார்கள், நம்பாதீர்கள். புல்லின் பச்சை தாடையில் ஏறும், காலடியில் படத்துக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் குறையும். தூறினால் பிடிக்கும் குடை கறுப்பாகவோ, கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிவதாகவோ இருக்கட்டும். சிவப்புக் குடைக்குக் கீழே மணமகள் முகமும் சிவப்புதான்.

கேள்வி: மண்டபத்து ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பனி மூடுகிறது. துடைத்தால் மறுபடி வருகிறது.
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: துடைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிவதுதான் அது; கண்ணாடி சூடேறும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். ஏசி அறையிலேயே கேமராவைப் பைக்குள் ஜிப் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். அதைவிட நல்லது, அன்றைக்கு ஏசி அறைக்குள்ளேயே கொண்டுபோகாமல் இருப்பது. பனி மூடியிருக்கும்போது லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளே படம் பதியும் சென்சாரிலும் படியும்.

கேள்வி: மேடைப் படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. கேமரா கெட்டுவிட்டதா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கேமராவில் குறையில்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று; சுற்றுக்கு இருமுறை என மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில்தான் இந்தப் பட்டை அதிகம், மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். ஷட்டர் 1/100 வையுங்கள். அட்சதை விழும் நேரத்துக்கு அது போதாது. அங்கே 1/250, கூடவே ஃபிளாஷ். ஃபிளாஷை வெள்ளைச் சுண்ணாம்புக் கூரையில்தான் திருப்பலாம். மர உத்தரமுள்ள பழைய கூரை வெளிச்சத்தைக் குடித்துவிட்டு மிச்சத்தைப் பழுப்பாகத் தரும்.

கேள்வி: புதுச்சேரி கடற்கரையில், கடலில் சூரியன் மறையும் காட்சியோடு ஜோடிப் படம் வேண்டும்.
- வாசகி, வில்லியனூர்

பதில்: நம் கடல் கிழக்கே இருக்கிறது, அம்மா. சூரியன் ஊர்ப்பக்கம்தான் மறையும். கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து நில்லுங்கள்.