குவில்ட் பார்டர் நெளிகிறது, பட்டையும் குறைகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: கல்லூரி விடுதிக்குப் போகும் மகளுக்காக முதல்முறையாக ஒரு குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, அடித்துணிக்கும் அதற்கும் நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். வீட்டில் மிஞ்சிய காட்டன் துணிகளைத் தையல் போக 8 இன்ச் கட்டங்களாக்கி, அகலத்தில் 6, நீளத்தில் 8 என்று இணைத்துவிட்டேன். சுற்றிலும் 4 இன்ச்சுக்கு மெரூன் பாப்ளின் பார்டர். இரண்டு பக்கப் பட்டைகளையும் அளக்காமல், ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதை வெட்டிவிட்டேன். இப்போது இடப்பக்கம் நெளிநெளியாக நிற்கிறது. மேலும் கீழும் வைக்க 48½ இன்ச்சில் வெட்டிய பட்டைகளோ ஏழரை இன்ச் குறைகின்றன. பார்டரை விட்டுவிட்டு அளந்தால் இடது ஓரம் 65, வலது ஓரம் 64¼, நடுவில் 63¾ இருக்கிறது. அகலம் நடுவில் 48. மெரூன் துணி தீர்ந்துவிட்டது. கடையிலும் அதே நிறம் கிடைக்கவில்லை. “பஞ்சு வைத்துத் தைத்தால் நெளிவு அடங்கிவிடும், அப்படியே விடு” என்கிறார் என் அண்ணி. விடலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: விட வேண்டாம் தோழி. தைத்த இரண்டு பட்டைகளையும் பிரித்துவிடுங்கள். அளவுகளை இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்களே, அதை வைத்தே சொல்கிறேன்: இன்னொரு சாண் மெரூன் துணிகூட வாங்காமல் இதைச் சரிசெய்துவிடலாம்.

உங்கள் அண்ணி சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. லேசான உப்பல் இருந்தால், பஞ்சு அடுக்கு வைத்து நெருக்கமாகத் தையல் ஓட்டும்போது அது அமுங்கிப் போகும். ஆனால் எவ்வளவு உப்பல் என்பதுதான் கேள்வி. குவில்ட்டைத் தரையில் விரித்து, நெளியும் இடத்தை உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தடவிப் பாருங்கள். துணி படிந்துவிட்டால் பயமில்லை. கைக்கு முன்னால் ஒரு மடிப்பாகத் திரண்டு நின்றால், அதே மடிப்பு நாளைக்கு ஊசிக்கு அடியிலும் வரும், கொசுவமாகவே தைபட்டுவிடும். பஞ்சும் அடித்துணியும் சேர்ந்த பிறகு அதைப் பிரிப்பது பெரிய வேலை. இப்போது ஒரே ஒரு தையல்தான் குறுக்கே நிற்கிறது.

நெளிவு ஏன் வந்தது? பாவாடைக்கு ஃப்ரில் வைக்கும்போது நீளத் துணியைக் குட்டைத் துணியில் வேண்டுமென்றே ஏற்றித் தைக்கிறோம் இல்லையா? இங்கே அது தெரியாமல் நடந்திருக்கிறது. உங்கள் குவில்ட்டின் உண்மையான நீளம் 63¾. இடது ஓரத்தில் ஏறியிருக்கும் பட்டை 65. அந்த ஒன்றேகால் இன்ச்சுக்குப் போக இடமில்லாமல்தான் எழும்பி நிற்கிறது.

ஒரே துணிக்கு மூன்று இடத்தில் மூன்று அளவு எப்படி என்று நினைப்பீர்கள். ஓரம் எப்போதும் இழுபடும். நடுவில் இருக்கும் கட்டத்தை நான்கு பக்கமும் தையல் பிடித்திருக்கிறது. ஓரக் கட்டத்துக்கு ஒரு பக்கம் பிடிமானமே கிடையாது. தூக்குவது, மடிப்பது, இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்ப்பது எல்லாவற்றையும் அந்த ஓரம்தான் வாங்கிக்கொள்கிறது. மிஞ்சிய துணி என்பதால் சில கட்டங்கள் நீளவாக்கிலும் சில அகலவாக்கிலும் வெட்டுப்பட்டிருக்கும். அகலவாக்கில் துணி கூடவே இளகும். அதோடு, இரண்டு கட்டங்கள் சேரும் தையலின் நுனி ஓரத்தில் வாய் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். நீளத்தில் அப்படி ஏழு தையல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் பிளந்தாலே அரை இன்ச் கூடிவிடும். அதனால்தான் பார்டருக்கு ஓரத்தை அளக்கவே கூடாது. நடுவை அளந்து வெட்டிய பட்டைக்குள் ஓரத்தைக் கொண்டுவர வேண்டும். பார்டர் அழகுக்கு மட்டும் அல்ல, இழுபட்ட ஓரத்தைத் திரும்பப் பிடித்து நேராக்குவதும் அதன் வேலைதான்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் வெளி ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்துத் தைத்தபடியே நடுவுக்கு வருகிறார்கள். ஓரம் முதலிலேயே முடிந்துவிடுகிறது. நாம் ஓரத்தைக் கடைசியில் வைப்பவர்கள், அதனால் நமக்கு இஞ்ச் டேப்பை விட்டால் வழியில்லை.

காகிதக் கணக்குப்படி உங்கள் நடுப்பகுதி, சுற்றிலும் தையலுக்கு விட்ட கால் இன்ச்சையும் சேர்த்து, 64½ நீளமும் 48½ அகலமும் இருந்திருக்க வேண்டும். நீளத்தில் முக்கால் இன்ச், அகலத்தில் அரை இன்ச் குறைகிறது. இது எங்கே போனது என்பதற்குத் தச்சர் கணக்கில் பதில் இருக்கிறது. ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். தையலுக்கு நாம் விடும் கால் இன்ச் இரண்டு நூல். நீங்கள் ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு பக்கத் துணியிலுமாக ஒரு நூல். நீளத்தில் ஏழு தையலுக்கு ஏழு நூல், அகலத்தில் ஐந்து தையலுக்கு ஐந்து நூல். உங்கள் குறையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது பாருங்கள். எல்லாத் தையலும் ஒரே மாதிரி பிடித்திருப்பதால் கட்டங்கள் நேராகத்தான் இருக்கும், அதைத் தொட வேண்டாம். காகித அளவை மறந்துவிட்டு, கையில் இருக்கும் துணியின் அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. சீம் ரிப்பரால் (தையலைப் பிரிக்கும் சின்னக் கருவி) ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கத்து நூலை இழுத்தால் நீளமாக உருவி வந்துவிடும். அவசரத்தில் இரண்டு துணியையும் பிடித்துப் பிய்த்தால் ஓரம் இன்னும் இழுபடும்.

பிரித்த பிறகு நடுப்பகுதியைத் தரையில் இழுக்காமல் விரியுங்கள். வாய் பிளந்த தையல் நுனிகளை ஓர் இன்ச் தூரம் மறுபடி தைத்து அடையுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள், தேய்த்து இழுக்க வேண்டாம். அப்புறம் நீளத்தை நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒவ்வொன்று என மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அகலத்துக்கும் அப்படியே. பழைய இஞ்ச் டேப் நீண்டுபோயிருக்கும், ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொன்ன 63¾-ம் 48-ம்தான் சராசரி என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். மாறினால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு நீளப் பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 63¾ இன்ச்சுக்கு வெட்டுங்கள். இரண்டும் ஒரு நூல்கூட வித்தியாசப்படக் கூடாது. பட்டையை இரண்டாக மடித்து நடுவில் ஒரு குண்டூசி, மறுபடி மடித்துக் கால் பாகங்களில் குண்டூசி. நடுப்பகுதியின் ஓரத்திலும் இதே போல் அடையாளம் வையுங்கள். முதலில் இரண்டு முனைகள், பிறகு நடு, பிறகு கால் பாகங்கள் என்று சேர்த்துக் குத்திவிட்டு, இடைவெளிகளில் இரண்டு இன்ச்சுக்கு ஒன்றாகக் குத்துங்கள். மிச்சமிருக்கும் லூஸ் சீராகப் பரவி நிற்கும். மெஷினில் வைக்கும்போது லூஸாக இருக்கும் துணி, அதாவது கட்டங்கள் உள்ள நடுப்பகுதி, கீழே இருக்கட்டும், பார்டர் மேலே. அடியில் இருக்கும் பற்கள் கீழ்த் துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளும், உங்கள் லூஸ் அதில் அடங்கிவிடும். ஒரே ஒரு தொந்தரவு: கட்டங்களின் தையல் மடிப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் அடியில் புரண்டுவிடும். ஒவ்வொரு மடிப்புக்கும் மேல் ஒரு குண்டூசி குத்தி, அங்கே வரும்போது நிறுத்தி அடியில் விரலால் தொட்டுப் பார்த்து ஓட்டுங்கள்.

வலப்பக்கம் அரை இன்ச்தான், சுலபமாக ஏறிவிடும். இடப்பக்கம் ஒன்றேகால் இன்ச் கொஞ்சம் அதிகம். பிளந்த நுனிகளை அடைத்ததிலேயே ஒரு பங்கு குறைந்திருக்கும். அப்படியும் சுருக்கம் விழும்போல் தெரிந்தால், அந்த ஓரத்தில் தையல் அளவைப் பெரிதாக வைத்து ஒரு தையல் ஓட்டி, அடி நூலை மெதுவாக இழுத்து ஓரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே ஆவி காட்டினால் காட்டன் நன்றாகவே சுருங்கிக் கொடுக்கும். ஆனால் ஆவி பிடிக்கும் முன் மெரூன் துணியின் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் நடுப்பகுதியை மட்டும் தனியாக, பார்டர் சேர்க்கும் முன்பே ஆவியில் காட்டிவிடுங்கள்.

இப்போது மேலும் கீழும். இங்கே நடந்தது என்னவென்றால், பக்கப் பட்டைகள் சேர்ந்தால் அகலம் கூடும் என்பதை விட்டுவிட்டு, கட்டங்களின் அகலத்துக்கே வெட்டிவிட்டீர்கள். நல்லவேளையாக இந்த நீளத்துக்கென்றே ஒரு முறை இருக்கிறது. மூலைகளில் தனிச் சதுரம் வைப்பதற்கு, மேல் பட்டை நடுப்பகுதியின் அகலம்தான் இருக்க வேண்டும். ஆகவே 48½ பட்டைகளில் அரை இன்ச் வெட்டி 48 ஆக்குங்கள். கட்டங்களுக்குப் பயன்படுத்திய துணியில் 4½ இன்ச் சதுரம் நான்கு வெட்டி, ஒவ்வொரு பட்டையின் இரு முனையிலும் தையுங்கள். 48-உடன் ஒவ்வொரு சதுரமும் தையல் போக 4 இன்ச் சேர்க்கும், மொத்தம் 56. பக்கப் பட்டைகள் சேர்ந்த குவில்ட்டின் அகலமும் சரியாக 56.

பக்கப் பட்டைகளின் தையல் மடிப்பைப் பார்டர் பக்கம் படிய வையுங்கள். மேல் பட்டையில் சதுரம் சேரும் மடிப்பை, சதுரத்தின் பக்கம் விடாமல், 48 இன்ச் மெரூன் பட்டையின் பக்கமே படிய வையுங்கள். அப்போது மூலையில் இரண்டு மடிப்புகளும் எதிரெதிராக வந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், நான்கு தையலும் ஒரே புள்ளியில் நிற்கும். மேல் பட்டையைத் தைக்கும்போது முதல் குண்டூசியை அந்த இரண்டு இடங்களில் குத்திவிட்டு மற்றதைப் பாருங்கள்.

சதுரம் பிடிக்கவில்லை என்றால் பட்டையை நடுவில் வெட்டி, 8½ இன்ச் நீளத்தில் வேறு துணி கொடுத்தும் 56 ஆக்கலாம் (இதற்கு 48½ பட்டையை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்). மேலும் கீழும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். எனக்கு என்னவோ மூலைச் சதுரம்தான் பிடித்திருக்கிறது. நடுவில் இருக்கும் துணிகளே மூலையிலும் எட்டிப் பார்த்தால் பார்டர் தனியாக நிற்காமல் குவில்ட்டோடு சேர்ந்துவிடும். மெரூனுக்குப் பக்கத்தில் வெளிர் நிறமாக, பூ சிறியதாக இருக்கும் துணி எடுப்பாகத் தெரியும்.

அடுத்த குவில்ட்டுக்குத் துணி வாங்கும்போது பார்டருக்கு 2 மீட்டர் ஒரே துண்டாக வாங்கி, கரைக்கு இணையாக நீளவாக்கில் பட்டைகளை வெட்டுங்கள். நீளவாக்குத் துணி எளிதில் இளகாது, நடுவில் ஒட்டுப் போடவும் வேண்டாம். கரையை மட்டும் வெட்டி நீக்கிவிடுங்கள், துவைத்தால் அது வேறு மாதிரி சுருங்கும். இப்போதைக்கு மேல் பட்டையைச் சேர்த்ததும், பஞ்சு வைக்கும் முன், இரண்டு மூலைவிட்டங்களையும் ஒருமுறை அளந்து பாருங்கள். கால் அரை இன்ச் வித்தியாசம் என்றால் தாராளமாக அடுத்த வேலைக்குப் போகலாம்.