ப்ளேன் படாத பில்டிங் ஏன் விழுந்தது?

கேள்வி: 2001 செப்டம்பர் 11இல நியூயோர்க்கில உலக வர்த்தக மையத்தின்ர ப்ளேனே படாத ஏழாம் நம்பர் பில்டிங் பின்னேரம் 5.20க்கு பொலபொலவெண்டு விழுந்திச்சே, நெருப்பாலதான் விழுந்ததெண்டு அமெரிக்காக்காரன் சொல்லுறத நீங்களும் நம்புறீங்களா? இரும்பு உருக 1500 டிகிரி வேணும், ஒபிஸ் மேசை கதிரை எரிஞ்சா அவ்வளவு சூடு வருமா?
- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வராது தம்பி. ஆனா உருகினதெண்டு ஆர் சொன்னது? கம்மாலையில பாருங்கோ, இரும்பு சிவந்தாலே அடிக்கிற பக்கம் வளையும், 600 டிகிரியிலேயே பாதிப் பலம் போயிரும். இந்த 47 மாடிக் கதை அதுவும் இல்ல. பக்கத்தில ப்ளேன் மோதின வடக்கு டவர் விழேக்க வந்து பட்ட துண்டுகளால நெருப்புப் பிடிச்சு, தண்ணிக் குழாயும் உடைஞ்சு ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யாம, ஏழு மணித்தியாலம் அணைக்க ஆளில்லாம எரிஞ்சது. சூட்டில இரும்பு நீளும், தண்டவாளத்தில இடைவெளி விடுறது அதுக்குத்தானே. அப்பிடி நீண்ட உத்திரங்கள் 13ஆம் மாடியில ஒரு பெரிய உத்திரத்தை இருந்த இடத்தால தள்ளி விழுத்த, கீழ்த் தளங்களும் அதோட சரிய, 79ஆம் தூண் பிடிமானமில்லாம முறிஞ்சிட்டுது, அதோட முழு பில்டிங்கும் விழுந்திட்டுது. 2008இல நிஸ்ட் எண்ட அமெரிக்க அரச நிறுவனம் சொன்னது இதுதான்.

நெருப்பில்ல, குண்டு வச்சுத்தான் விழுத்தினதெண்டு சொல்றவை 1996இல மத்திய வங்கி குண்டு வெடிச்ச அண்டைக்கு கொழும்பில இருந்த ஆரையாவது கேக்கட்டும், அந்தச் சத்தத்தை ஒளிக்கேலுமோ எண்டு. அந்தத் தூணை அறுக்கிற வெடியெண்டா அரை மைலுக்கு அங்காலயும் 130 டெசிபல் கேட்டிருக்குமாம். விழுந்த நேரத்து வீடியோ ஒண்டிலயும் அது இல்ல.

அதுக்காக கேள்வி கேட்டவனெல்லாம் விசரன் இல்ல. 2008 ஆகஸ்ட்டில வந்த முதல் வரைவில, கீழ ஒண்டும் தாங்காம கல்லு விழுற மாதிரி தடையில்லாம விழேல்ல எண்ட நிஸ்ட்காரர், ஒரு பிஸிக்ஸ் மாஸ்டர் வீடியோவை அளந்து காட்டின பிறகு, நவம்பரில வந்த கடைசி அறிக்கையில 2.25 செக்கன் அப்பிடித்தான் விழுந்ததெண்டு ஒத்துக்கொண்டினம். உள்ளுக்கு எல்லாம் ஏற்கெனவே போய், வெளித் தூண்களும் மடங்கினா தாங்க என்ன இருக்கு, அது எனக்கு விளங்குது. விளங்காதது, எப்பிடி விழுந்ததெண்டு நிஸ்ட் போட்ட கம்ப்யூட்டர் கணக்கின்ர தரவில ஒரு பகுதியை பாதுகாப்பெண்டு சொல்லி பூட்டி வச்சது. அத வெளியில விட்டிருந்தா பாதிப் பேரின்ர வாய் அடைச்சிருக்கும்.

கேள்வி: நெருப்பால மட்டும் விழுந்த வேற உயரமான இரும்பு பில்டிங் ஒண்டு காட்டுங்கோ பாப்பம்!
- அதே வாசகர்

பதில்: தெஹ்ரான், பிளாஸ்கோ பில்டிங், 17 மாடி, 2017 ஜனவரி 19. விழேக்க தீயணைப்புப் படைப் பெடியள் உள்ளுக்கத்தான் நிண்டவை.