புடாபெஸ்ட் உணவு நடைப்பயணம்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: செப்டம்பரில் நானும் கணவரும் புடாபெஸ்ட் போகிறோம். வழிகாட்டியோடு நடந்தபடியே ஹங்கேரிய உணவும் ஒயினும் சுவைக்கும் பயணங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய சந்தை, லாங்கோஷ், குலாஷ், டோக்காய் ஒயின் என்றே போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றின் கட்டணம் இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? (வாசகி, கோவை)

பதில்: முதலில் ஒயின் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். விலை வித்தியாசத்துக்கு அது ஒரு பெரிய காரணமாக இருக்கும். டோக்காய் என்பது ஹங்கேரியின் வடகிழக்கில் உள்ள ஒயின் பகுதி. அங்கே ஃபுர்மின்ட் திராட்சையில் செய்யும் இனிப்பில்லாத வெள்ளை ஒயினும் டோக்காய்தான். தாமதமாக அறுவடை செய்த பழத்தில் வரும் இனிப்பு ஒயினும் டோக்காய்தான். இரண்டுமே நன்றாக இருக்கும். ஆனால் உலகம் கொண்டாடுவது டோக்காய் ஆஸூவை. கொடியிலேயே பூஞ்சை படர்ந்து, வற்றிச் சுருங்கிய பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, திராட்சைச் சாற்றிலோ ஒயினிலோ ஊறவைத்துச் செய்வது அது. வேலை அதிகம், கிடைப்பது கொஞ்சம், விலையும் அதற்கேற்றபடி. 2013-இல் விதிகள் மாறிய பிறகு, ஆஸூ என்று பெயர் போட லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருந்தாக வேண்டும்.

எனவே பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஊற்றப்போவது ஆஸூவா, வேறா? எந்தத் தயாரிப்பாளர், எந்த ஆண்டு? ஆளுக்கு எத்தனை மில்லி? ஒழுங்காக நடத்துபவர்கள் அதே நாளில் பெயரோடு பதில் சொல்வார்கள். 'அன்றைக்கு எது இருக்கிறதோ அது' என்று பதில் வந்தால், அந்தப் பயணத்துக்கு அதிகக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. போன இடத்திலும் புட்டியை உங்கள் எதிரில் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். ஆஸூ வழக்கமாக அரை லிட்டர் புட்டியில் வரும். பொன்னிறமாக இருக்கும், உலர்ந்த ஆப்ரிகாட்டும் தேனும் மணக்கும். அத்தனை இனிப்பும் நாக்கில் திகட்டாமல், பின்னாலேயே ஒரு புளிப்பு வந்து வாயைச் சுத்தமாக்கும். அந்தப் புளிப்பு தெரிந்தால் நல்ல சரக்கு.

சாப்பாட்டு விஷயத்தில் எத்தனை பதார்த்தம் என்ற எண்ணிக்கையில் மயங்காதீர்கள். ஒரு துண்டு சலாமியும் ஒரு பதார்த்தம், ஒரு கிண்ணம் குலாஷும் ஒரு பதார்த்தம். எத்தனை இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம், குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபது பேர் பின்னால் நிற்கும்போது வழிகாட்டி சொல்வது பாதிக்கூடக் காதில் விழாது.

1897-இல் திறந்த பெரிய சந்தை வார இறுதியில் எந்த நேரம் திறந்திருக்கும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் அந்தப் பெயர் இருந்தால் அன்றைக்குக் கடைகள் திறந்திருக்குமா என்று கேட்கத்தான் வேண்டும். லாங்கோஷ் தின்ன மட்டும் வழிகாட்டி தேவையே இல்லை. எண்ணெயில் பொரித்த மாவின் மேல் பூண்டு தடவி, புளித்த க்ரீமும் துருவிய சீஸும் போட்டுத் தருவார்கள். மேலே சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு, பலகையைப் படித்துவிட்டு கை காட்டுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு வேறிடத்தில்தான் பலன் தரும். உள்ளூர்க்காரர்கள் மதியம் நின்றபடியே சாப்பிடும் இறைச்சிக்கடைகள் அங்கே உண்டு. கொல்பாஸ் என்ற தொத்திறைச்சியைச் சூடாக எடை போட்டு, கடுகு விழுதும் ரொட்டியும் ஊறுகாயும் வைத்துத் தருவார்கள். பெரும்பாலும் பலகை முழுக்க ஹங்கேரிய மொழி. அப்படி ஒரு கடை பட்டியலில் இருந்தால், கூடுதல் கட்டணம் கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து.

கேள்வி: நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், மனைவி சுத்த சைவம். எங்களுக்கு இது ஒத்துவருமா? (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் சமாளிக்கலாம், குலாஷைத் தவிருங்கள். வழக்கமாக அது மாட்டிறைச்சி சூப். மனைவிக்காக முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். 'இறைச்சி இல்லாத' என்று சொன்னாலும் அங்கே பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். குடைமிளகாயும் தக்காளியும் வதக்கும் லெச்சோவில் தொத்திறைச்சி கிடக்கலாம், பொகாச்சா என்ற உப்பு பிஸ்கட்டில் பொரித்த கொழுப்பு சேர்த்த வகையும் உண்டு. சைவத்துக்கு மாற்று என்ன என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: குளிர்ந்த செர்ரி சூப், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய மெல்லிய மாவுப் பலகாரமான ரேத்தெஷ், பொரித்த சீஸ். வெறும் 'பார்த்துக்கொள்கிறோம்' என்ற பதில் போதாது.

கேள்வி: இணையத்தில் வாங்கினால் ஐரோப்பாவில் 14 நாளுக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாமாமே? (வாசகர், சென்னை)

பதில்: குறிப்பிட்ட தேதிக்கு முன்பதிவு செய்த பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அந்த உரிமை கிடையாது. நிறுவனம் தன் ரத்து விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் பற்றி இன்னொன்று: உணவகத்தில் கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயா, ஹங்கேரி நாணயமான ஃபோரின்டா என்று கேட்டால் ஃபோரின்ட்டைத் தேர்ந்தெடுங்கள். ரசீதில் சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தால் டிப்ஸ் தனியாக வைக்க வேண்டாம்.

கேள்வி: அங்கிருந்து பாப்ரிகா என்ற சிவப்பு மிளகாய்த் தூள் வாங்கி வரச் சொல்கிறார்கள். எது நல்லது? (வாசகி, திருச்சி)

பதில்: செகெட், கலோச்சா என்ற இரண்டு ஊர்களின் தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் அடையாளம் உண்டு. உறையில் ஊர்ப்பெயரோடு அந்த முத்திரையும் இருக்கிறதா, அரைத்த தேதி அண்மையதா என்று பாருங்கள். அலங்காரத் துணிப்பையில் தொங்குவதற்கு அழகுக்குத்தான் காசு. காரமில்லாதது, காரமானது இரண்டும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். நம் மிளகாய்த்தூள் மாதிரி கொதிக்கும் எண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும். வெங்காயம் வதங்கியதும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தூளைப் போட்டுக் கிளறி, உடனே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.